குவெஸ்ட் 3-இல் வயரில்லாத கணினி விஆர்: படம் வரும் வழியில் என்ன ஆகிறது?

மீதியைப் படிக்க நேரமில்லாதவர்களுக்காகத் தீர்ப்பை முதலில் சொல்லிவிடுகிறேன்: கணினியில் ஓடும் விஆர் (மெய்நிகர் உலக) விளையாட்டுகளை வயரில்லாமல் ஆட, தலையில் மாட்டும் மெட்டா குவெஸ்ட் 3 வாங்கலாம். ஆனால் ஹெட்செட் விலையோடு கணக்கை நிறுத்திவிடாதீர்கள். அதற்கென்றே தனியாக ஒரு ரவுட்டர், அப்புறம் கணினிப் படத்தை ஹெட்செட்டுக்கு அனுப்பும் வர்ச்சுவல் டெஸ்க்டாப் என்ற செயலி, இரண்டையும் சேர்த்தால்தான் உண்மையான விலை வரும். இவை இல்லாமல் வாங்கிவிட்டு "படம் மங்கலா இருக்கு, கட்டம் கட்டமா உடையுது" என்று புலம்புகிறவர்கள் என் நண்பர்கள் வட்டத்திலேயே இருக்கிறார்கள், அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஹெட்செட்டின் லென்ஸ், கன்ட்ரோலர், முகத்தில் விழும் அழுத்தம் இதையெல்லாம் 2023 அக்டோபரில் இது வந்ததிலிருந்து எத்தனையோ பேர் சொல்லியாகிவிட்டது. லென்ஸ் அருமை, கழுத்துக்கு வேறு பட்டை வாங்கிக்கொண்டால் நல்லது, அவ்வளவுதான் நானும் சொல்வேன். இங்கே பார்க்கப் போவது ஒரே ஒரு விஷயம். கணினியின் கிராபிக்ஸ் கார்டில் உருவாகிற படம் கண்ணுக்கு முன்னால் இருக்கும் திரைக்கு எப்படி வந்து சேர்கிறது, வழியில் எதை இழக்கிறது, அந்த இழப்பை வீட்டில் உட்கார்ந்தபடி நாம் எவ்வளவு குறைக்க முடியும்.

என்னிடம் இருப்பது சென்னையில் ஒரு அடுக்குமாடி வீடு, ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டு போட்ட கணினி, துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்து கொடுத்த 128 ஜிபி குவெஸ்ட் 3. கீழே வருகிற மில்லிசெகண்ட் கணக்கெல்லாம் இந்த அமைப்பில் நான் பார்த்தவை. உங்கள் வீட்டில் மாறும், ஆனால் போக்கு இதேதான் இருக்கும்.

இந்த ஹெட்செட்டில் டிஸ்ப்ளேபோர்ட்டும் கிடையாது, எச்டிஎம்ஐயும் கிடையாது. பக்கத்தில் ஒரு யுஎஸ்பி-சி துளை உண்டு, அது சார்ஜுக்கும் தரவுக்கும் மட்டும். அதனால் கணினியிலிருந்து வரும் எந்தப் படமும் வீடியோவாகச் சுருக்கப்பட்டுத்தான் வந்தாக வேண்டும். வயர் போட்டால் சுருக்காத அசல் படம் வரும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. வயர் வழியாக வந்தாலும் அதே வீடியோ சுருக்கம்தான், காற்றுக்குப் பதிலாகச் செம்பில் ஓடுகிறது, அவ்வளவே வித்தியாசம்.

எவ்வளவு சுருக்க வேண்டியிருக்கிறது என்பதை ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள், அப்புறம் இந்தச் சமாச்சாரம் முழுவதும் தெளிவாகிவிடும். ஒரு கண்ணுக்கு 2064×2208 புள்ளிகள், இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 91 லட்சத்துக்கு மேல். புள்ளிக்கு 24 பிட், விநாடிக்கு 90 படம் என்று பெருக்கினால் விநாடிக்கு ஏறக்குறைய 19.7 கிகாபிட் வருகிறது. 120 ஹெர்ட்ஸில் ஓட்டினால் 26 கிகாபிட்டைத் தாண்டும். வர்ச்சுவல் டெஸ்க்டாப்பில் ஏவி1 கோடெக்குக்கு (கோடெக் என்றால் வீடியோவைச் சுருக்கி விரிக்கும் முறை) நான் வைத்திருக்கும் உச்சம் 200 மெகாபிட். நூறு பங்கில் ஒரு பங்கை அனுப்பிவிட்டு, மீதி 99 பங்கைக் கண் தேடாதபடி பார்த்துக்கொள்வதுதான் இந்தத் தொழில்நுட்பத்தின் மொத்த வேலையும். இதை மனதில் வைத்துக்கொண்டு ஹெட்செட்டைப் போட்டுப் பார்த்தால் குறை சொல்லத் தோன்றாது, இது வேலை செய்கிறதே என்றுதான் ஆச்சரியம் வரும்.

முதல் தேக்கம் வைஃபையில். இணைய இணைப்போடு பிராட்பேண்ட்காரர்கள் கொடுத்துவிட்டுப் போன ரவுட்டரில்தான் நான் ஆரம்பித்தேன். பொருத்த வந்தவர் "இதுவே தாராளம் சார், ஃபைவ் ஜி வருது" என்றார். (அவர் சொன்னது 5 கிகாஹெர்ட்ஸை.) இணையத்துக்கு அது தாராளம்தான். ஆனால் அது கூடத்தில் தொங்கியது, நான் ஆடுவது உள் அறையில், நடுவே ஒரு கான்கிரீட் சுவர், அதே ரவுட்டரில் டிவியும் நான்கு கைபேசிகளும். கணினியும் வைஃபையிலேயே இருந்தது. இந்தக் கடைசி விஷயம்தான் பெரிய கேடு, ஏனென்றால் ஒவ்வொரு படமும் கணினியிலிருந்து ரவுட்டருக்கு ஒரு முறை, ரவுட்டரிலிருந்து ஹெட்செட்டுக்கு இன்னொரு முறை என்று ஒரே காற்றில் இரண்டு தடவை போகிறது, இரண்டும் ஒன்றுக்கொன்று காத்திருக்க வேண்டியிருக்கிறது.

அதனால் விதி ஒன்று: கணினிக்கும் ரவுட்டருக்கும் நடுவே கிகாபிட் ஈதர்நெட் வயர். இதற்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும், இதற்கு ஈடாகப் பலன் தரும் வேறெந்தச் செலவும் இந்த வரிசையில் இல்லை. விதி இரண்டு: ஆடும் அறையிலேயே, கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், ஹெட்செட்டுக்கு மட்டும் என்று ஒரு வைஃபை 6 ரவுட்டர். வீட்டின் மற்ற கருவிகளுக்கு இதன் கடவுச்சொல்லைத் தராதீர்கள். அக்கா மகன் லீவுக்கு வந்தபோது கைபேசியை இதில் இணைத்துவிட்டு யூடியூப் பார்த்துக்கொண்டிருந்தான், எனக்கோ உள்ளே படம் சில விநாடிக்கு ஒரு முறை இடறிக்கொண்டே இருந்தது.

80 மெகாஹெர்ட்ஸ் சேனல் அகலத்தில் வைஃபை 6 என்றால் ஹெட்செட் 1200 மெகாபிட்டில் இணைந்திருப்பதாகக் காட்டும். நடைமுறையில் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே கிடைத்தாலே நல்லது. 160 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் 2400 என்று காட்டும், பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் 5 கிகாஹெர்ட்ஸில் அந்த அகலம் வேண்டுமென்றால் ராடாருக்கு வழிவிட வேண்டிய சேனல்களுக்குள் நுழைய வேண்டும், ராடார் போல ஏதாவது கேட்டால் ரவுட்டர் பாதி ஆட்டத்தில் சேனலைவிட்டு விலகியாக வேண்டும். நான் 80-லேயே விட்டுவிட்டேன், 36-இல் தொடங்கும் சேனல் கூட்டத்தையும் 149-இல் தொடங்குவதையும் மாற்றிப் பார்த்து, பக்கத்து வீடுகளின் நெரிசல் குறைவாக உள்ளதை வைத்துக்கொண்டேன். குவெஸ்ட் 3-க்கு 6 கிகாஹெர்ட்ஸில் பேசும் வைஃபை 6இ உண்டு. அமெரிக்காவில் 2020-லேயே அந்த அலைவரிசையில் 1200 மெகாஹெர்ட்ஸைத் திறந்துவிட்டார்கள். இந்தியாவில் அதன் கீழ்ப் பகுதி 500 மெகாஹெர்ட்ஸை உரிமமின்றிப் பயன்படுத்துவதற்கான வரைவு விதியே 2025 மே மாதம்தான் வந்தது. என் அனுபவம் எல்லாம் 5 கிகாஹெர்ட்ஸில்தான்.

இனி பிட்ரேட், அதாவது விநாடிக்கு எத்தனை பிட் அனுப்புகிறோம் என்பது. இங்கேதான் நிறையப் பேர் தவறான பக்கம் போகிறார்கள், "400 போட்டேன், 500 போட்டேன், இன்னும் திணறுது" என்று. எண் பெரிதானால் படம் நன்றாக இருக்கும் என்பது பாதி உண்மை. விநாடிக்கு 90 படம் என்றால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் அவகாசம் 11.1 மில்லிசெகண்ட். 200 மெகாபிட்டில் ஒவ்வொரு படமும் சுமார் 278 கிலோபைட். காற்றில் உண்மையாக 800 மெகாபிட் ஓடினால் அதை அனுப்ப 3 மில்லிசெகண்டுக்குள் ஆகிவிடும். 400 மெகாபிட் ஆக்கினால் படத்தின் எடை இரட்டிப்பாகி, அனுப்பவே 5.5 மில்லிசெகண்ட், அதாவது பாதி அவகாசம் போய்விட்டது. அதற்குப் பிறகு ஹெட்செட்டின் சிப் அந்த வீடியோவை விரித்தாக வேண்டும், எடை கூடினால் அந்த வேலையும் கூடுகிறது. நடுவே பக்கத்து வீட்டு வைஃபை ஒரு கணம் காற்றைப் பிடித்துக்கொண்டால் அந்தப் படம் தாமதமாக வரும், ஹெட்செட் பழைய படத்தையே இன்னொரு முறை காட்டும், தலையைத் திருப்பும்போது பக்கவாட்டில் ஒரு இடறல் தெரியும். தெருக்குழாயில் தண்ணீர் வேகமாக வருகிறதா என்பதைவிட விட்டுவிட்டு வராமல் இருக்கிறதா என்று பார்ப்பது போலத்தான் இதுவும்.

இதைப் பார்த்துத் திருத்திக்கொள்ள முடிவதுதான் வர்ச்சுவல் டெஸ்க்டாப்பில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஒரு மேலடுக்கைத் திறந்தால் தாமதத்தைப் பிரித்துக் காட்டுகிறது: விளையாட்டு எவ்வளவு, சுருக்கியதற்கு எவ்வளவு, வைஃபைக்கு எவ்வளவு, விரித்ததற்கு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று. எங்கே தேங்குகிறது என்று ஊகிக்க வேண்டியதே இல்லை. வைஃபை எண் 5, 6 மில்லிசெகண்டில் நிலையாக நின்றால் ரவுட்டர் சரி. அது 4-க்கும் 25-க்கும் நடுவே துள்ளினால் எவ்வளவு விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கினாலும் தீராது. விரிக்கும் எண் 15-ஐத் தாண்டினால் பிட்ரேட்டைக் குறையுங்கள். விளையாட்டின் எண்ணே 11-ஐத் தாண்டினால் கார்டு திணறுகிறது, படத் தரத்தை ஒரு படி இறக்குங்கள். நான் இப்படித் திருகித் திருகி மொத்தம் 40 மில்லிசெகண்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன், அதுவும் 150 மெகாபிட்டில். 200-க்கும் 150-க்கும் படத்தில் வித்தியாசம் சொல்லுங்கள் என்று வீட்டில் எல்லோருக்கும் மாட்டிக் காட்டினேன், ஒருவரும் சொல்லவில்லை.

தலையைத் திருப்பினால் படம் திரும்ப 20 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகக் கூடாது, ஆகிவிட்டால் தலை சுற்றும் என்று விஆர் பற்றிப் படித்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அப்படியானால் 40-இல் எப்படி வாந்தி வராமல் ஆட முடிகிறது? ஹெட்செட்டே கடைசி நொடியில் ஒரு வேலை செய்கிறது. படம் வந்து சேர்ந்ததும் அதைத் திரையில் போடுவதற்குச் சற்று முன்னால் தலை இப்போது எந்தப் பக்கம் இருக்கிறது என்று மறுபடி பார்த்து, படத்தை அதற்கேற்ப நகர்த்திப் போடுகிறது. விளையாட்டு நிரலாளர் ஜான் கார்மாக் 2013-லேயே விளக்கமாக எழுதிய உத்தி இது, வயரில்லாத விஆர் இன்று நடக்கிறதென்றால் இதன் புண்ணியம்தான். தலை திருப்பலுக்கு இது கச்சிதம். கை அசைவுக்கும் எதிரியின் அசைவுக்கும் உதவாது, அந்தத் தாமதம் அப்படியே இருக்கும். கதை ஓட்டமாகப் போகும் ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ் போன்றவற்றில் அது உறைக்கவே உறைக்காது. வேகமான தாள விளையாட்டை நீங்கள் உயர்மட்டத்தில் ஆடுகிறவரானால் உறைக்கும், அதைக் கணினி இல்லாமல் ஹெட்செட்டிலேயே நிறுவி ஆடுங்கள்.

கோடெக் விஷயத்துக்கு வருவோம். எச்.264, ஹெச்இவிசி, ஏவி1 என்று மூன்று குடும்பம். எச்.264 பழையது, சுருக்கும் திறன் குறைவு, அதனால் அதை அதிக பிட்ரேட்டில் ஓட்ட வேண்டும், ஆனால் விரிப்பது வேகம். ஹெச்இவிசியும் ஏவி1-உம் குறைந்த பிட்டில் அதே தரத்தைத் தரும். ஏவி1 வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் வன்பொருள் இருக்க வேண்டும்: கணினியில் ஆர்டிஎக்ஸ் 40 வரிசையோ ரேடியான் 7000 வரிசையோ அதற்குப் புதியதோ, தலையில் குவெஸ்ட் 3 அல்லது 3எஸ். குவெஸ்ட் 2-ஆலும் குவெஸ்ட் ப்ரோவாலும் ஏவி1-ஐ விரிக்க முடியாது. பழைய கார்டு வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம், ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலிருந்தே ஹெச்இவிசியின் 10-பிட் வகை உண்டு, அதைப் போடுங்கள். 10-பிட் என்பது வெறும் அலங்காரம் இல்லை. 8 பிட்டில் ஒரு வண்ணத்துக்கு 256 படிகள், 10-இல் 1024. மாலை வானம், மூடுபனி, டார்ச் வெளிச்சம் விழும் சுவர் இங்கெல்லாம் 8-பிட்டில் பட்டை பட்டையாகத் தெரிவது 10-இல் வழவழப்பாகிவிடுகிறது. என்னைக் கேட்டால் பிட்ரேட்டை இரட்டிப்பாக்குவதைவிட 10-பிட்டைத் தட்டிவிடுவது கண்ணுக்கு அதிகம் தெரிகிறது.

எந்தக் கோடெக்கும் தோற்கும் இடங்கள் உண்டு. புல்வெளி, சரளைக்கல், இலை அடர்ந்த மரம் இவற்றுக்கு நடுவே தலையைத் திருப்பிக்கொண்டே நடந்தால் படம் ஒரு கணம் குழைந்துபோகும். காரணம் எளிது. வீடியோ சுருக்கம் முன் படத்துக்கும் இந்தப் படத்துக்கும் என்ன மாறியது என்பதை மட்டும் அனுப்பிப் பிழைக்கிறது, தலை திரும்பும்போது எல்லாமே மாறுகிறது. சினிமாவைச் சுருக்கும்போது பின்னால் வரப்போகும் காட்சியையும் பார்த்துவிட்டு வசதியாகச் சுருக்கலாம், இங்கே அடுத்த படம் இன்னும் பிறக்கவே இல்லை. இருட்டுக் காட்சிகளும் இப்படித்தான், கறுப்புக்குள் இருக்கும் மெல்லிய வேறுபாடுகளைக் கோடெக் முதலில் பலிகொடுத்துவிடும். இதோடு குவெஸ்ட் 3-இன் திரை எல்சிடி என்பதால் கறுப்பு எப்படியும் சாம்பல்தான்.

எனக்கு இதில் இன்னொன்று விசித்திரமாகப் படும். வலது கண் படமும் இடது கண் படமும் பெரும்பாலும் ஒன்றே, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தது மட்டும்தான் வேறுபாடு. ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தனித்தனிக் காட்சி போலத்தான் சுருக்குகிறார்கள். ஒரு கண்ணை வைத்து இன்னொன்றை ஊகிக்கும் வகைக் கோடெக் இல்லாமல் இல்லை, ஆப்பிள் தன் முப்பரிமாண வீடியோக்களுக்கு ஹெச்இவிசியின் அந்தக் கிளையைத்தான் பயன்படுத்துகிறது. கணினியிலிருந்து உடனுக்குடன் வரும் விஆருக்கும் அது பொதுவாக வந்தால் எவ்வளவு மிச்சமாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மிச்சம் பிடிக்கும் இன்னொரு வழி, எனக்கு இதுதான் எதிர்காலம் என்று தோன்றுகிறது, கண் பார்க்காத இடத்தில் பிட் செலவழிக்காமல் இருப்பது. நம் கண்ணுக்கு உண்மையிலேயே கூர்மையாகத் தெரிவது பார்வையின் நடுவில் சுமார் இரண்டு டிகிரி. இந்த ஹெட்செட்டின் படுக்கைவாட்டுக் காட்சிப் பரப்பு 110 டிகிரி. மீதியெல்லாம் மங்கலாக இருந்தாலும் மூளை கேட்காது. குவெஸ்ட் முதல் தலைமுறைக்கு 2019-இல் லிங்க் (கணினியோடு வயரில் இணைக்கும் வசதி) வந்தபோதே படத்தின் ஓரங்களை நசுக்கி அனுப்பி ஹெட்செட்டில் விரித்துக்கொள்ளும் முறையை வைத்திருந்தார்கள், கூடவே ஒரு படத்தைத் துண்டு துண்டாக்கி, முதல் துண்டு பயணத்தில் இருக்கும்போதே அடுத்ததைச் சுருக்கும் வேலையும் உண்டு. திறந்த மூல மென்பொருளான ஏஎல்விஆரிலும் ஓரங்களை எவ்வளவு நசுக்கலாம் என்று நாமே அமைக்கலாம். ஆனால் இதெல்லாம் நீங்கள் நேராகத்தான் பார்க்கிறீர்கள் என்று நம்பிச் செய்வது. தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரத்துக்கு ஓட்டினால் மங்கல் பிடிபட்டுவிடும். குவெஸ்ட் 3-இன் லென்ஸ் ஓரம் வரை தெளிவாக இருப்பதே இங்கே வினையாகிறது, பழைய குவெஸ்ட் 2-இல் லென்ஸே ஓரத்தை மங்கலாக்கியதால் யாருக்கும் தெரியாது.

கண் எங்கே பார்க்கிறது என்று தெரிந்தால் இந்தச் சிக்கலே இல்லை. குவெஸ்ட் 3-இல் கண்ணைப் பின்தொடரும் கேமரா இல்லை, என் கணக்கில் இந்தப் பயன்பாட்டுக்கு இதன் ஆகப் பெரிய குறை இதுதான். 2022-இல் வந்த குவெஸ்ட் ப்ரோவில் இருந்தது, ஸ்டீம் விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வின் இலவச ஸ்டீம் லிங்க் செயலி அதை வைத்துப் பார்க்கும் இடத்துக்கு மட்டும் தரத்தைக் கூட்டி அனுப்பியது, ஆனால் அந்த ஹெட்செட்டை நிறுத்திவிட்டார்கள். 2025 நவம்பரில் வால்வ் அறிவித்த ஸ்டீம் ஃப்ரேம் முழுக்க முழுக்க இந்த யோசனையின்மேல் கட்டியது. கண்ணைப் பின்தொடர்ந்து பார்க்கும் இடத்துக்குப் பிட்டை வாரி வழங்குகிறது, விளையாட்டைச் செய்தவர்கள் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. அதோடு கணினியில் நேராகச் செருகும் 6 கிகாஹெர்ட்ஸ் குச்சி ஒன்றும் கூடவே வருகிறது, படத்துக்கு ஒரு ரேடியோ, இணையத்துக்கு இன்னொன்று என்று ஹெட்செட்டில் பிரித்துவைத்திருக்கிறார்கள். நான் மேலே மூச்சுமுட்டச் சொன்ன ரவுட்டர் புராணம் முழுவதையும் ஒரு குச்சியில் அடக்கியது புத்திசாலித்தனம். கையில் எடுத்துப் பார்க்காததால் அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

வர்ச்சுவல் டெஸ்க்டாப்பில் இரண்டு படத்துக்கு ஒன்றைக் கணினி வரைந்து, மற்றதை ஹெட்செட் தானே இட்டுநிரப்பும் ஒரு வசதியும் உண்டு. 90-க்குப் பதில் 45 படம் அனுப்பினால் போதும், ஒவ்வொன்றுக்கும் இரட்டிப்புப் பிட் கிடைக்கும், கார்டுக்கும் இளைப்பாறல். விமான ஓட்டத்தில் நன்றாக இருக்கிறது. அருகில் கையையோ கம்பி வேலியையோ பார்த்தால் விளிம்பு நெளியும். நான் அணைத்தே வைத்திருக்கிறேன்.

வயர் போட்டுத்தான் ஆடுவேன் என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இணையக் கடை ஒன்றில் யுஎஸ்பி 3 என்று பெட்டியில் போட்டிருந்த ஐந்து மீட்டர் கேபிள் ஒன்றை வாங்கினேன், வேகத்தைச் சோதித்தால் யுஎஸ்பி 2 அளவுக்குத்தான் ஓடியது. திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. நீளமான கேபிள் வாங்கினால் அன்றைக்கே சோதித்துவிடுங்கள். நல்ல கேபிள் கிடைத்தால் வைஃபை நெரிசல் என்ற தொல்லை முற்றிலும் ஒழிகிறது, ஆடிக்கொண்டே சார்ஜும் ஏறும். குவெஸ்ட் 3 சராசரியாக 2.2 மணி நேரம் தாங்கும் என்பது மெட்டாவே சொல்லும் கணக்கு என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

மெட்டாவின் சொந்த ஏர் லிங்க் 2021-லிருந்து இலவசமாக இருக்கிறது, எதையும் திருக விரும்பாதவர்கள் அதிலிருந்தே தொடங்கலாம். ஸ்டீம் லிங்க்கும் இலவசம், நிறுவுவது இன்னும் சுலபம். அப்படியிருக்க நான் ஏன் காசு கொடுத்து வர்ச்சுவல் டெஸ்க்டாப் வாங்கினேன் என்றால் மேலே சொன்ன தாமதப் பட்டியலுக்காக, கோடெக்கை விரல் நுனியில் மாற்ற முடிவதற்காக, ஸ்டீம்விஆரை (வால்வின் விஆர் மென்பொருள்) தொடாமல் நேராக விளையாட்டைத் திறக்கும் அதன் சொந்த அடுக்குக்காக. இந்தச் செயலியின் கணினி விஆர் வசதியை 2019-இல் மெட்டாக்காரர்கள் (அப்போது ஃபேஸ்புக்) தங்கள் கடையிலிருந்து நீக்கச் சொல்லி, 2021 பிப்ரவரியில்தான் முறைப்படி திரும்ப அனுமதித்தார்கள் என்பது பழைய கதை. இன்று வயரில்லாத கணினி விஆர் என்றாலே பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

சுருக்கமே வேண்டாம் என்பவர்களுக்கு டிஸ்ப்ளேபோர்ட் வயர் வைத்த ஹெட்செட்டுகள் இருக்கின்றன. அவற்றிலும் கொஞ்சம் சுருக்கம் உண்டு என்பதைச் சொல்லிவிடுகிறேன், 2448×2448 வைத்திருக்கும் விவே ப்ரோ 2 போன்றவை டிஎஸ்சி என்ற முறையில் மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கித்தான் அனுப்புகின்றன. ஆனால் மூன்றில் ஒன்று எங்கே, நூறில் ஒன்று எங்கே. அதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, தாமதமும் கிட்டத்தட்ட இல்லை. நடுவழியாக 2018-இல் எச்டிசி தன் விவேவுக்கு 60 கிகாஹெர்ட்ஸ் வயரில்லா இணைப்பு ஒன்றைக் கொண்டுவந்தது, காற்றில் அகலமான சாலை கிடைத்தால் இவ்வளவு நசுக்க வேண்டாமே என்ற எண்ணம்தான். ஆனால் 60 கிகாஹெர்ட்ஸ் நம் உடம்பையே ஊடுருவாது, கணினிக்குள் தனிக் கார்டும் செருக வேண்டும். அந்த வழி பிறகு பரவவில்லை.

மெய்யுலகத்தின்மேல் படத்தைப் படரவிடும் ஏஆர் பக்கமும் இதே பாடுதான், ஆனால் வேறு இடத்தில். குவெஸ்ட் 3-இல் வெளியே தெரியும் அறை ஹெட்செட்டின் கேமராவிலிருந்து உள்ளேயே ஓடுவது, வைஃபைக்கு அதில் வேலை இல்லை, அதனால் ரவுட்டரை எவ்வளவு மாற்றினாலும் அந்தக் காட்சியின் புள்ளி புள்ளியான இரைச்சல் குறையாது. ஆப்பிள் விஷன் ப்ரோவில் கேமராவிலிருந்து கண்ணுக்கு 12 மில்லிசெகண்டில் படம் வர வேண்டும் என்பதற்காகவே ஆர்1 என்ற தனிச் சிப்பைப் போட்டிருக்கிறார்கள். எக்ஸ்ரியல் போன்ற கண்ணாடிகளோ கைபேசியிலிருந்து யுஎஸ்பி-சி வழியாக டிஸ்ப்ளேபோர்ட் படத்தையே நேராக வாங்கிவிடுகின்றன, கண்ணுக்கு 1920×1080 தான் என்பதால் வயர் அதைச் சுலபமாகத் தாங்குகிறது. படம் பார்க்கவும் எழுத்து வேலை செய்யவும் அந்தக் கூர்மை தனி சுகம், ஆனால் அது கண் முன் தொங்கும் திரை, விஆர் இல்லை.

யாருக்கு என்ன என்று கேட்டால்: காரோட்ட, விமான ஓட்டச் சிமுலேட்டர் பிரியர்கள் எப்படியும் நாற்காலியில் உட்கார்ந்துதான் ஆடுகிறீர்கள், தூரத்துக் கருவிப் பலகையின் சின்ன எழுத்துதான் உங்களுக்கு முக்கியம், டிஸ்ப்ளேபோர்ட் ஹெட்செட் வாங்குங்கள். எழுந்து நின்று சுற்றித் திரிந்து ஆடுகிறவர்களுக்குக் குவெஸ்ட் 3. பணம் குறைவென்றால் 2024-இல் வந்த 3எஸ். அதே சிப், அதே ஏவி1, புள்ளிகள் கண்ணுக்கு 1832×1920 தான் என்பதால் அனுப்ப வேண்டிய சுமையும் கால் பங்கு குறைவு, லென்ஸ் மட்டும் பழைய வகை. கண் பின்தொடர்தல் இருந்தால்தான் வாங்குவேன் என்பவர்கள் ஸ்டீம் ஃப்ரேமுக்குக் காத்திருக்கலாம், இந்தியாவுக்குள் அதைக் கொண்டுவர யாராவது உறவினர் கையைப் பிடிக்க வேண்டியிருக்கும்.

ரவுட்டர் எந்த மாடல் என்று கேட்டு எழுதப் போகிறவர்களுக்கு: வைஃபை 6, இரண்டு ஆன்டெனாவுக்குக் குறையாமல், கிகாபிட் துளை, இது போதும். விளையாட்டுக்காரர்களுக்கு என்று சிவப்பு விளக்கெல்லாம் போட்டு விற்பதற்கு இரட்டை விலை கொடுக்காதீர்கள். வீட்டில் பழைய வைஃபை 5 ரவுட்டர் ஒன்று பரணில் கிடந்தால் முதலில் அதை எடுத்து, கணினியை வயரில் செருகி, 100 மெகாபிட் வைத்து ஆடிப் பாருங்கள். அதுவே போதுமாக இருந்தால் புதிது வாங்க வேண்டாம்.